ஜாதவ்பூர்க் கணப்பு

ஊரிலிருந்து வரும் உறவினர், "கல்கத்தாவிலும் குளிருண்டோ?" என்று நம்மை வினவுவதுண்டு. தை மாதத்தில் ஒரு வாரம் ஜாதவ்பூரில் தங்கினால் அவ்வினா தானே மறையும். சில இரவுகளில் வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கிவிடும். பனிநாட்டார்க்கு இது வசந்தமேயாயினும், தகரக் கதவும் சிமிட்டித் தரையும் உடைய கார்க் கொட்டகையில் அதிகாலையில் அரமும் உளியும் ஏந்துவோனுக்கு விரல்கள் மரத்தே போகும்.

கார்க் கொட்டகை என்றோம். அதில் கார் நின்றதாக எண்ண வேண்டா. வீட்டுக்காரர் காருக்கெனக் கட்டிய இடத்தைக் காரில்லாத நம்மவர் பட்டறையாக்கிக் கொண்டனர். இவ்வூரின் காற்றும் அத்தகையது. வங்கப் பிரிவினையை எதிர்த்தெழுந்த சுதேசிக் கிளர்ச்சியின்போது 1906இல் தொடங்கப்பெற்ற தொழிற்கல்வி நிலையமே பின்னர் இங்கு வளர்ந்து, 1955இல் பல்கலைக்கழகமாயிற்று. மின்விளக்கு செய்த பெங்கால் லாம்ப், எழுதுமை செய்த சுலேகா போன்ற தொழிற்சாலைகள் அருகிலேயே இருந்தன. வேலை முடிந்து வந்தவர் வீட்டிலும் ஏதேனும் ஒன்றைக் கழற்றிப் பூட்டாமல் உறங்கமாட்டார்.

அப்பட்டறைக்கு நெருப்பு வேண்டியிருந்தது கைக்கு மட்டுமன்று. மரவேலைக்குரிய வச்சிரப் பசை சூட்டில்தான் இளகும். குளிரில் பலகையில் தடவி மற்றொன்றைப் பொருத்துமுன்னரே கட்டியாகிவிடும். ஆதலால் தரையில் ஓர் 'உனுன்' இடம்பெற்றது. பழைய இரும்பு வாளியின் உட்புறம் மண் பூசி, நடுவே கம்பிகளைக் குறுக்கிட்டு, கீழே காற்றுவாய் வெட்டிச் செய்த கரியடுப்பு அது. நம் குமுட்டியடுப்பின் வங்கத் தமக்கை எனலாம். நிலக்கரித் தூளை மண்ணும் சாணமும் சேர்த்துப் பிசைந்து உருட்டிய 'குல்' அதற்கு இரை.

வங்கத்தார்க்கு அக்கரி புதிதன்று. ராணிகஞ்சுப் பகுதியில் 1774இலேயே கரி வெட்டும் முயற்சி தொடங்கியது. 1836இல் அவ்விடத்துச் சுரங்கத்தை வாங்கியவர் கவி தாகூரின் பாட்டனார் துவாரகாநாதர். 1855இல் ரயில் அங்குச் சென்றபின் நகரமெங்கும் கரி மலிந்தது, புகையும் மலிந்தது. குளிர்காலத்தில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து அசையாது நிற்க, அதன்மேல் வெம்மையான காற்று மூடிபோல் அமையும். மாலையில் அடுப்புகள் மூட்டப்பெறும்போது புகை மேலெழாது தெருவிலேயே தங்கும். 1863இலும் 1905இலும் புகைத் தொல்லையைத் தடுக்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் குறி ஆலைகளும் நீராவி யந்திரங்களுமே. வீட்டடுப்பைத் தொட எந்த அரசுக்குத்தான் துணிவு வரும்?

வீட்டடுப்பின் புகைக்கு மக்கள் தாமே ஒரு முறை கண்டிருந்தனர். உனுனைத் தெருவிலோ முற்றத்திலோ வைத்துப் பற்றவைப்பர். புகையடங்கிக் கரி செக்கச் சிவந்த பின்னரே உள்ளே கொணர்வர். புகை போயிற்று, தீங்கும் போயிற்று என்பது அவர்கள் எண்ணம். நாமும் அவ்வாறே எண்ணினோம்.

மார்கழி இறுதியில் ஓர் இரவு. நாமும் நண்பர் ஒருவரும் கொட்டகையின் கதவைச் சாத்தி, அதன் இடுக்கில் கோணிப்பையையும் செருகிவிட்டு, நாற்காலியொன்றின் கால்களை ஒட்டிக் கொண்டிருந்தோம். உனுனில் புகை அணுவளவுமில்லை. சிறிது நேரத்தில் நண்பர் தலைவலி என்றார். பசையின் நாற்றம் என்று சிரித்தோம். பின்னர் அளவுகோலை எடுக்க எழுந்த நம் கால்கள் நமக்கு அடங்கவில்லை. நற்காலம், வீட்டுக்காரரின் அன்னையார், நாம் 'மாஷிமா' என்று அழைப்பவர், தேநீருடன் வந்து கதவைத் தள்ளினார். வெளியே புல்லில் அமர்ந்து வாந்தியெடுத்ததே நினைவிருக்கிறது. அன்று அவர் திட்டிய வங்கமொழியில் பாதி நமக்கு விளங்கவில்லை, அதுவும் நற்காலமே.

நிகழ்ந்தது இது: வாளியின் அடிக்கரி எரிந்து உண்டாகும் கரியமில வாயு, மேலுள்ள தணலினூடே ஏறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. தணலின்மேல் ஆடும் சிறு நீலச் சுடர் அவ்வாயு எரிவதே. தணல் சோர்ந்து சுடர் அணைந்தால் அது எரியாமலே அறையில் பரவும். நிறமில்லை, மணமில்லை. குருதியின் செம்பொருளை அது பிராணவாயுவினும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் பிடித்துக்கொள்ளும். புகையாவது இருமச் செய்து எச்சரிக்கும். புகையற்ற தணல் அதையும் செய்யாது.

நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் மாண்டோர் பெரும்பாலோர் இவ்வாயுவினாலேயே மாண்டனர் என்று 1896இல் காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்கத்துக்குச் சிறு பறவைகளைக் கொண்டுசெல்லும் வழக்கமும் அவர் கூறியதன் பயனே. சிறுவயதில் அவருடன் சுரங்கத்தில் இறங்கிய மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன், 1957இல் நம் நகரத்துப் பராநகரிலுள்ள புள்ளியியல் கழகத்துக்கே பணியாற்ற வந்தார். தந்தையின் ஆய்வு அரை நூற்றாண்டு பழையதாகியும் நம் கொட்டகைக்கு வந்து சேரவில்லை.

நெடுநல்வாடை பயின்றோர் அறிவர்: வாடைக்கு அஞ்சிச் சாளரக் கதவைத் தாழிட்டதும், 'தடவு' என்னும் அகன்ற வாயுடைய கணப்பில் நெருப்பேற்றிக் காய்ந்ததும் அங்கு அடுத்தடுத்து வருகின்றன. அம்மாடங்களில் காற்றுப் புகும் இடுக்குகள் பல இருந்திருக்கும் என்று கொள்வோம். கோணிப்பை அடைத்த கொட்டகையில் அவ்வசதியில்லை.

அதன்பின் உனுன் தாழ்வாரத்துக்குப் போயிற்று. பசைக்கலத்தை அங்கேயே வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து இளக்கி உள்ளே கொணர்ந்தோம். காலுக்கடியில் மரப்பலகை, உடம்பில் கம்பளிச் சட்டை, அருகில் மின்கணப்பு. அறை முழுவதையும் சூடேற்ற முயலாது, வேலை செய்பவனை மட்டும் நோக்கித் திருப்பிவைத்தால் கதவு திறந்திருந்தும் அது போதியதாயிருந்தது. பெட்ரோல் டப்பாவை அறையைவிட்டே அகற்றினோம். அதன் ஆவி காற்றினும் கனத்தது, தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடும். எழுபதுகளின் மின்வெட்டு நாட்களில் மின்கணப்பு ஓய்ந்தபோதெல்லாம் நண்பரின் பார்வை தாழ்வாரத்து உனுன்மேல் செல்லும். மாஷிமா அதற்கும் வழி செய்திருந்தார். கதவு முற்றும் மூடாதபடி நிலையருகே ஓர் அரைச் செங்கல்லைச் சிமிட்டியிட்டுப் பதித்துவிட்டார். எத்தனையோ முறை அதில் கால் இடறியிருக்கிறோம். பெயர்த்தெடுக்க ஒருவரும் துணியவில்லை.