கோயம்புத்தூரும் கொங்கு வட்டாரமும்: ஒரு நகர வளர்ச்சியின் வரலாற்றுப் புவியியல்

கோயம்புத்தூர், தமிழ்நாட்டின் மேற்கு எல்லையை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில், நொய்யலாற்றின் கரையில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள தொழில் நகரமாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதன் நகரத் திரளில் 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த பெரிய நகரத் திரள் இதுவே. ஒரு நிலப்பரப்பின் இயற்கை அமைப்பும், அங்கு வாழ்ந்தோரின் தொழில்களும் வழிகளும் குடியிருப்புகளும் காலந்தோறும் ஒன்றையொன்று மாற்றிவந்த முறையை ஆராயும் துறை வரலாற்றுப் புவியியல் எனப்படும். துறைமுகமோ, ஆண்டு முழுதும் நீரோடும் பேராறோ, பேரரசு ஒன்றின் தலைநகரம் என்னும் பெருமையோ இல்லாத இவ்வூர் தென்னிந்தியாவின் முதன்மையான தொழில் மையங்களுள் ஒன்றாக உயர்ந்ததற்கான காரணங்களை நகர எல்லைக்குள் மட்டும் தேட இயலாது. அவை அதைச் சூழ்ந்த கொங்கு வட்டாரத்தின் நிலம், நீர், பயிர், முதலீடு ஆகியவற்றில் உள்ளன. இன்றைய கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களும் சேலம், திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளும் கொங்கு வட்டாரம் என வழங்கப்படுகின்றன.

நிலமும் நீரும்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை அறுபட்டு, 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயாகத் தாழ்கிறது. அரபிக்கடல் கரையிலிருந்து தமிழ்நாட்டுச் சமவெளிக்குப் பெரிய மலையேற்றம் இல்லாமல் வரக்கூடிய அகன்ற வழி இது ஒன்றே. தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியே வந்து கோடை வெப்பத்தைத் தணிக்கிறதே தவிர, அதன் மழையின் பெரும்பகுதி மலைக்கு மேற்கிலேயே பெய்துவிடுவதால், கோவைச் சமவெளியின் ஆண்டு மழையளவு சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் மட்டுமே; அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவ மாதங்களில் பெய்கிறது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், மலையில் மழை பெய்யும்போது மட்டுமே பெருகும் ஆறாகையால், அதன் வெள்ளத்தை அணைக்கட்டுகளாலும் வாய்க்கால்களாலும் திருப்பிக் குளங்களில் தேக்கும் முறை முற்காலத்திலேயே உருவானது. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் ஆகியன அக்குளத் தொடரின் எஞ்சிய உறுப்புகள்.

ஆற்றுப்பாசனம் எட்டாத இடங்களில் கரிசல் மண்ணில் பருத்தியும் சோளமும் மானாவாரியாக, அதாவது மழையை மட்டும் நம்பி, விளைந்தன. செம்மண் நிலங்களில் பாறையைக் குடைந்து ஆழக் கிணறுகள் வெட்டி, காளைகளைப் பூட்டிக் கவலை எனும் ஏற்றத்தால் நீர் இறைத்து உழவர்கள் பாசனம் செய்தனர். இவ்வாறு கிணற்றை நம்பிய நிலம் ‘தோட்டம்’ எனப்பட்டது. கிணறு வெட்டப் பணமும், இறைக்கக் காளையும், ஆண்டு முழுதும் உழைப்பும் தேவைப்பட்டதால், தோட்ட விவசாயம் செலவு, வரவு, கடன், விலை ஆகியவற்றைக் கணக்கிட்டுச் செய்யவேண்டிய தொழிலாக இருந்தது. பிற்காலத் தொழில் முனைவோரில் பலர் இத்தகைய உழவர் குடும்பங்களிலிருந்தே வந்தனர்.

பண்டைய பெருவழி

சேர நாட்டுத் துறைமுகமான முசிறியையும் உள்நாட்டு வணிக நகரமான கரூரையும் இணைத்த வழி பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சென்றது. கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்களும், கரூரிலும் பிற கொங்கு ஊர்களிலும் கிடைத்த காசுகளும் அவ்வணிகத்தின் சான்றுகள். நொய்யலின் வடகரையில் ஈரோடு மாவட்டத்திலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள், இரும்பு உருக்கிய உலைகளையும், மணிக்கற்களை அறுத்துத் துளையிட்ட தொழிற்கூடங்களின் எச்சங்களையும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் வெளிக்கொணர்ந்தன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று சுட்டப்படும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. பெரில் எனும் கடல்நிற மணிக்கல் அருகிலுள்ள படியூர்ப் பகுதியில் கிடைத்தது. ஆகவே இவ்வழி சரக்குகள் கடந்துசென்ற பாதையாக மட்டுமன்றி, வழிநெடுகப் பொருள்கள் உருவாக்கப்பட்ட தொழிற்பகுதியாகவும் இருந்தது.

சோழர் காலத்திலும் இவ்வழி நிலைத்ததைச் சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு காட்டுகிறது. அது தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டது. இடைக்காலத்தில் சமயச் சிறப்புக்குப் பேரூரும், ஆட்சிக்கும் வணிகத்துக்கும் கரூர், தாராபுரம் போன்ற ஊர்களும் முன்னின்றன. கோயம்புத்தூர் அக்காலத்தில் வட்டாரத்தின் பல ஊர்களுள் ஒன்றாகவே இருந்தது.

மாவட்டத் தலைநகர்

மதுரை நாயக்கர் ஆட்சிக்குப் பின் மைசூர் அரசின்கீழ் வந்த கொங்கு நாடு, 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1800இல் இப்பகுதியைக் கடந்து சென்ற பிரான்சிஸ் புக்கானன், பயிர்முறைகள், கிணற்றுப் பாசனம், நெசவு ஆகியவற்றை விரிவாகப் பதிவுசெய்தார். 1804இல் கோயம்புத்தூர் மாவட்டத் தலைநகரானது. கணவாயின் வாயிலும் நீலகிரி அடிவாரத்துக்குச் செல்லும் வழியும் சந்திக்கும் இடம் என்பதால், நிருவாகத்துக்கும் படை நடமாட்டத்துக்கும் அது ஏற்றதாக இருந்தது. மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் குடியேற்றம் தொடங்கியபின், மலையில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிராயின. அவற்றைப் பதப்படுத்தி விற்கும் வணிகம் கோவையில் வேரூன்றியது. 1866இல் அமைந்த நகராட்சியின் முதல் தலைவரான ராபர்ட் ஸ்டேன்ஸ் அத்தகைய காப்பி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

1862இல் சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த இருப்புப்பாதை நகரத்தைத் தொடாமல் தெற்கே போத்தனூர் வழியாகச் சென்றது. போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை 1873இல் திறக்கப்பட்டது. கணவாய் பண்டு வணிகர் கூட்டங்களுக்குத் தந்த வசதியை இப்போது தொடர்வண்டிக்குத் தந்தது. ஆயினும் அது கொண்டுசென்ற முதன்மைச் சரக்கு மணிக்கல் அல்ல, பருத்தி.

பருத்தியிலிருந்து ஆலைக்கு

லங்காஷயர் ஆலைகளுக்கு நீளிழைப் பருத்தி பெறும் நோக்கில், தாவரவியலாளர் ராபர்ட் வைட் பொறுப்பில் 1842 முதல் கோவையில் அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகள் நடத்தப்பட்டன. அவை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போர் பருத்தி விலையை உயர்த்தியபோது உள்ளூர்ப் பருத்திக்குத் தேவை பெருகியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகமான கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனத்தில் செழித்ததால், தோட்ட நிலமும் ஆலைத் தொழிலும் நேரடியாக இணைந்தன. சைதாப்பேட்டையிலிருந்த வேளாண் கல்லூரி 1906இல் கோவைக்கு மாற்றப்பட்டது. 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் இங்கு உருவான எம்சியு வகைப் பருத்திகளின் பெயர் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது.

1888இல் ஸ்டேன்ஸ் முயற்சியில் முதல் நூற்பாலை எழுந்தது; 1910இல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி ஆலையைத் தொடங்கினார். நீராவியால் இயங்கிய இவ்வாலைகளுக்கு நிலக்கரி தொலைவிலிருந்து வரவேண்டியிருந்ததால் தொழில் மெல்லவே வளர்ந்தது. 1901இல் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 53,000; கொள்ளைநோயான பிளேக்கும் குடிநீர்ப் பஞ்சமும் அப்போது நகரை வாட்டின. சிறுவாணி நீர் 1930களின் தொடக்கத்தில் வந்தபின்னரே நகர விரிவாக்கத்துக்கு அத்தடை நீங்கியது.

பைக்காரா மின்சாரம்

இவ்வட்டாரத்தின் பொருளாதாரத் திருப்புமுனை 1932ஆம் ஆண்டு. நீலகிரியின் பைக்காரா ஆற்றைத் தடுத்து, 3,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து நீரை வீழ்த்தி எடுத்த மின்சாரம் அவ்வாண்டில் சமவெளிக்கு வந்தது. மழையைத் தடுத்துக் கோவையை வறள வைத்த அதே மலை, மின்னாற்றலுக்கு ஊற்றானது. அதே காலத்தில் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் விளைபொருள் விலையைச் சரித்ததால், பருத்தி வணிகத்திலும் வட்டித்தொழிலிலும் நிலத்திலும் முடங்கிய பணம் வேறு முதலீட்டைத் தேடியது. காப்பு வரியும் சுதேசி உணர்வும் உள்நாட்டு நூலுக்குச் சந்தையை உறுதிசெய்தன. மூலப்பொருள், மலிவான மின்சாரம், முதல், கைத்தறி நெசவாளர்களின் நூல் தேவை ஆகிய நான்கும் ஒரே பத்தாண்டில் ஒன்றுகூடியதன் விளைவாக, பீளமேடு, சிங்காநல்லூர் தொடங்கித் திருப்பூர், உடுமலைப்பேட்டை வரை ஆலைகள் எழுந்தன. மதுக்கரையின் சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்திச் சிமெண்டு ஆலையும் அப்பத்தாண்டில் அமைந்தது.

மின்கம்பி சென்ற வழியெல்லாம் ஆலை அமைக்க முடிந்ததால், தொழில் ஒரே இடத்தில் குவியாமல் பரவியது. 1951இல் நகர மக்கள்தொகை இரண்டு லட்சத்தை நெருங்கியது. இவ்வளர்ச்சியோடு தொழிலாளர் போராட்டங்களும் வலுத்தன. சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு ஆலைத் தொழிலாளர்கள் 1946 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டதும், அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேன்ஸ் ஆலைத் தொழிலாளர்கள்மீது காவலர் சுட்டதில் பலர் இறந்ததும் நகர வரலாற்றின் பகுதிகள்.

பட்டறையும் பொறியியலும்

ஆலை எந்திரங்களைப் பழுதுபார்க்கவும் உதிரி உறுப்புகளை வார்க்கவும் எழுந்த பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும், இரண்டாம் உலகப்போரில் இறக்குமதி தடைப்பட்டபோது சொந்தமாக எந்திரம் செய்யும் திறனை அடைந்தன. கிணற்று நீரை மின்சாரத்தால் இறைக்க உழவர்கள் விரும்பியது மற்றொரு சந்தையைத் திறந்தது. 1937இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்தனர். மோட்டார் பம்பு கோவையின் அடையாளப் பொருளானது. 1926இல் பி. எஸ். ஜி. அறநிலையம் தொடங்கிய தொழிற்பயிலகம், 1956இல் அமைந்த தென்னிந்தியப் பஞ்சாலை ஆராய்ச்சி நிறுவனம், 1962இல் சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் கூட்டுடன் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் ஆகியன இத்திறனை நிறுவனமயமாக்கின. வீட்டு மாவாட்டும் கிரைண்டரும் இதே பட்டறை மரபில் பிறந்ததே. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் பின்னர்ப் புவிசார் குறியீடு பெற்றது. பருத்தியும் கிணறும் இவ்வட்டாரத்தின் இரு தேவைகளாக இருந்து, நூற்பு எந்திரமும் பம்பும் என்னும் இரு தொழில்களைப் பெற்றன எனலாம்.

பரவிய நகராக்கம்

கொங்கு வட்டாரத்தில் தலைநகரம் வளர்ந்து மற்ற ஊர்கள் தேய்ந்த நிலை ஏற்படவில்லை. கரூர் வீட்டுப் பயன்பாட்டுத் துணிகளிலும், ஈரோடு மஞ்சள், ஜவுளிச் சந்தைகளிலும், சோமனூரும் பல்லடமும் விசைத்தறியிலும், நாமக்கல் முட்டையிலும் லாரித் தொழிலிலும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளிலும் தனித்தனியே தேர்ந்தன. இவற்றுள் பெரிது திருப்பூர். பருத்தி அரவைக்கும் சந்தைக்கும் பெயர்பெற்ற அவ்வூரில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பனியன் தொழில் தொடங்கியது. 1970களின் பிற்பகுதியில் ஐரோப்பிய வணிகர்கள் வரத்தொடங்கியபின் பின்னலாடை ஏற்றுமதி விரைந்து வளர்ந்தது. பின்னல், சலவை, சாயம், வெட்டு, தையல், தேய்ப்பு எனப் பணிகளைப் பிரித்து ‘ஜாப் ஒர்க்’ முறையில் சிறு கூடங்களுக்குக் கொடுப்பதால், குறைந்த முதலுடையவரும் தொழிலில் நுழைய முடிந்தது. தென் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் குடிபெயர்ந்தனர். 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானது.

நீர் வகுத்த எல்லை

இவ்வளர்ச்சியின் விலையை நொய்யலும் நிலத்தடி நீரும் சுமந்தன. பாசனத்துக்காக 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழ்மடை நிலங்களும் கிணறுகளும் உவர்ப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபின், கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. மறுபுறம், மின்பம்பு பரவியதால் கிணறுகள் ஆழ்துளைகளாகி, நீர்மட்டம் தொடர்ந்து தாழ்ந்தது. பல தோட்டங்களில் பருத்திக்கு மாறாகத் தென்னையும் கோழிப்பண்ணையும் இடம்பெற்றன. இன்று இவ்வட்டார ஆலைகளுக்கான பருத்தியின் பெரும்பகுதி குஜராத், மகாராட்டிரம் முதலிய வெளிமாநிலங்களிலிருந்து வருகிறது. தொழிலைப் பிறப்பித்த பயிர் சுருங்கியபின்னும் தொழில் நிலைப்பதற்குத் திறன், சந்தைத் தொடர்பு, சிறு கூடங்களின் வலைப்பின்னல் ஆகியன காரணம். ஆனால் நீருக்கு அத்தகைய மாற்று இல்லை. பவானியின் உபரிநீரைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப்பின் 2024 ஆகஸ்டில் செயல்பாட்டுக்கு வந்தது.