ஜிஸ்ஸும் கிளிஞ்சல் சுண்ணமும்

ஹிஜ்ரி 29இல் (கி.பி. 650 அளவில்) கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலை விரிவுபடுத்தினார்கள். பச்சைச் செங்கல்லாலும் பேரீச்ச மரத்தாலும் அமைந்திருந்த பள்ளி, செதுக்கிய கல்லாலும் சாந்தாலும் எழும்பியது. கூரைக்குத் தேக்கு இடப்பட்டது. இப்னு உமர் (ரலி) அறிவித்த இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அத்தேக்கு இந்தியாவிலிருந்து செல்லும் மரம் என்கிறார் உரையாசிரியர் இப்னு ஹஜர். சாந்துக்கு அங்கு வரும் சொல் ‘கஸ்ஸா’. ‘ஜிஸ்’ என்பதும் அதுவே. பெரும்பாலும் ஜிப்சச் சாந்தையும், சிலவிடத்துச் சுண்ணாம்பையும் அது குறிக்கும். கப்றுகளுக்கு இதே ஜிஸ் பூசுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் காணப்படுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஈராக், ஈரான் நிலங்களில் ஜிப்சம் செல்வாக்குப் பெற்றதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சுட ஏறத்தாழ 900 பாகை வெப்பம் வேண்டும். ஜிப்சத்துக்கு 150 பாகையே போதும். விறகு அரிதான நாட்டில் இது பெரும் வசதி. நீர் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகும். அதற்குள் அச்சிடலாம், செதுக்கலாம். கி.பி. 836இல் எழுந்த சாமர்ராவின் சுவர் அலங்காரங்களும், 14ஆம் நூற்றாண்டின் அல்ஹம்ரா மாளிகைத் தேன்கூட்டு விதானங்களும் இச்சாந்தின் விளைவே.

நம் கடற்கரைக்கு அது ஒத்துவரவில்லை. திருச்சிக்கு அருகே ஊட்டத்தூர்ப் பகுதியில் ஜிப்சம் கிடைக்கிறது. எனினும் அது நீரில் சிறிதளவு கரையும் பொருள், லிட்டருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல். வடகிழக்குப் பருவமழையை அது தாங்குமா? மஹ்மூது பந்தர் எனப்பட்ட பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்தில் உள்ளது. அதன் தெற்கே கிள்ளை, பிச்சாவரம் உப்பங்கழிகள். கிளிஞ்சலுக்கு அங்கே பஞ்சமில்லை. சுட்டு நீற்றிய கிளிஞ்சலை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசுவது தமிழகக் கொத்தர் மரபு. இறுதிப் பூச்சில் முட்டை வெண்கரு கலந்து வழவழப்பான கல்லால் தேய்ப்பர். பளிங்கோ என ஐரோப்பியப் பயணிகள் மயங்கிய ‘மெட்ராஸ் சுன்னம்’ இதுவே. காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல, மாதக் கணக்கில் இது கல்லாகிறது.

இன்று ஜிப்சம் மூட்டையாகவும் பலகையாகவும் வந்து சேர்ந்துவிட்டது. புதிய கான்கிரீட் கட்டடத்தின் உட்சுவருக்கும் விதானத்துக்கும் அதைக் குறைகூற இயலாது; நீராற்ற வேண்டியதில்லை, வேலை விரைவில் முடியும். ஆனால் பழைய பள்ளிகளைப் புதுப்பிக்கையில் சுண்ணத்தை உரித்து இதைப் பூசுவது வேறு செய்தி. 2015 நவம்பரில் குறிஞ்சிப்பாடி வட்டாரம் வெள்ளத்தில் மிதந்தது. அத்தகைய நிலத்தில் செங்கற்சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணப் பூச்சு அவ்வீரத்தை வெளியே விடும். ஜிப்சமோ இளகி, உப்புப் பூத்து உதிரும். ஹவுளை அடுத்த சுவர்களுக்கு அது அறவே ஆகாது.

உரிக்கும் முன் ஜமாஅத் நிர்வாகிகள் பழஞ்சாந்தில் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்கட்டும். வேகாத கிளிஞ்சல் துணுக்குகள் பல வேளை வெறுங்கண்ணுக்கே தெரியும்.