மூலநாடாவும் மூலக்குரலும்: புத்தளக் கரைப் பாடலும் யப்பானிய மீள்பதிப்பும் – ஓர் ஒப்புநோக்கு

வரலாற்றாசிரியர் கல்வெட்டை நம்புவர், செப்பேட்டை நம்புவர், உறுதிகளையும் அரசாங்கக் கடிதங்களையும் நம்புவர். ஒலியை நம்ப அவர்களுக்கு நெடுங்காலம் வழியிருக்கவில்லை. பாடியவர் வாய் மூடியதும் பாட்டுக் காற்றோடு கலந்துவிட்டது. 1877ஆம் ஆண்டில் எடிசன் குரலைப் பதித்து மீட்டொலிக்கும் பொறியை அமைத்த பின்னரே ஒலியும் சான்றாகும் நிலை தோன்றியது. எனினும் ஏட்டுப் பிரதியைப் பாடபேதம் நோக்கி ஆராயும் முறை நம்மிடையே வேரூன்றிய அளவுக்கு, ஒலிப்பதிவைப் பாடபேதம் நோக்கி ஆராயும் முறை வேரூன்றவில்லை. அம்முறையை அன்றாடப் பழக்கமாகவே வளர்த்துக்கொண்டோர் யப்பானிய ஜாஸ் இறுவட்டுக்களைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்கும் இசைச்சுவைஞர்கள் ஆவர். அவர்களது அனுபவம் புத்தளக் கரையில் நலிந்துவரும் ஓர் இசை மரபுக்கு எவ்வாறு பயன்படக்கூடும் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

புத்தளம் நகரிலிருந்து அனுராதபுரம் செல்லும் வழியில் அமைந்த சிற்றூர் சிரம்பியடி. இங்கு ஆபிரிக்க வழித்தோன்றல்களான குடும்பங்கள் சில தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தமிழில் இவர்கள் காப்பிலியர் எனவும், சிங்களத்தில் காப்பிரி எனவும் வழங்கப்பெறுவர். 'நம்பிக்கையற்றோர்' எனப் பொருள்படும் அரபுச் சொல் போர்த்துக்கேயர் வாய்ப்பட்டு இப்பெயராயிற்று. ஆபிரிக்காவின் தெற்கில் அதுவே இழிசொல்லாக மாறியது. இலங்கையிலோ அது ஓர் இனத்தின் பெயராக நிலைத்தது.

1505ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர், தமது படைகளிலும் ஏவற்பணிகளிலும் ஆபிரிக்கரை ஈடுபடுத்தினர். அவர்களுக்குப் பின்வந்த ஒல்லாந்தரும் கொழும்புக் கோட்டையில் ஆபிரிக்க அடிமைகளை வேலை வாங்கினர். ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கோவா முதலிய போர்த்துக்கேயர் தளங்களில் ஆபிரிக்கரை விலைக்கு வாங்கி, இலங்கைப் படைப்பிரிவுகளிற் சேர்த்தனர். அப்பிரிவுகள் கலைக்கப்பட்ட காலத்தில் புத்தளத்திலே காவலில் இருந்தோர் சிலர் அங்கேயே காணி பெற்றுக் குடியமர்ந்தனர். இன்று சிரம்பியடியில் வாழ்வோர் தம் முன்னோரை இவர்களிடத்தே காண்கின்றனர். 1344ஆம் ஆண்டில் இபுன் பதூதா வந்திறங்கிய புத்தளக் கரைக்குப் புதியவர்கள் புதுமையல்லர். ஆனால் விருப்பத்தோடு வந்த பயணியின் கதை நூலாயிற்று. விலைக்கு வாங்கப்பட்டு வந்தோரின் கதை பாட்டாக மட்டுமே எஞ்சியது.

அப்பாட்டுக்கு மஞ்சா என்று பெயர். றபானும், தேங்காய்ச் சிரட்டைகளும், மரத்துண்டுகளும், போத்தலிற் கரண்டியால் தட்டும் ஓசையும் இதற்குத் தாளம் தருகின்றன. பாட்டின் அடிகள் சிலவே. அவை மீண்டும் மீண்டும் பாடப்பெறும். மெதுவாகத் தொடங்கும் பாட்டு, திரும்பத் திரும்ப வருகையில் சிறிது சிறிதாக விரைவு கொள்ளும். கைதட்டும் உடலசைவும் கூடும். ஈற்றில் பாட்டும் ஆட்டமும் வேறுபிரிக்க இயலாதவாறு ஒன்றாகிவிடும். பாட்டின் மொழி போர்த்துக்கேயமும் உள்நாட்டு மொழிகளும் கலந்து பிறந்த இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் ஆகும். இன்று இச்சமூகத்தாரின் வீட்டு மொழி சிங்களம். எனவே சொல்லின் பொருள் முழுவதும் விளங்காமலே அடுத்த தலைமுறை இப்பாட்டுக்களைப் பாடுகின்றது. பொருள் நழுவிய பின்னும் ஒலி நழுவாது நிற்கின்றது. இந்நிலையில் ஒலி என்பது பாட்டின் புறத்தோற்றம் அன்று. பாட்டின் உயிரே அதுதான்.

இம்மரபுக்கு இருவகைச் சான்றுகள் உள. முதலாவது எழுத்துச் சான்று. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அரச சேவையிலிருந்து, 1897இல் மறைந்த ஹியூ நெவில் பெருந்தொகையான ஏடுகளைத் திரட்டினார். அத்திரட்டில் மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பாட்டுக்களோடு காப்பிலியர் பாட்டுக்களும் இடம்பெற்றன. டேவிட் ஜாக்சன் 1990இல் வெளியிட்ட நூலொன்று இவ்வாய்மொழிச் செய்யுள்களை ஆராய்ந்தது. ஆயின் நெவிலின் ஏட்டிலே சொல் உண்டு, ஒலி இல்லை. இரண்டாவது ஒலிச் சான்று. லிஸ்பன் நகரில் உலகக் கண்காட்சி நடந்த 1998ஆம் ஆண்டில், டிராடிசோம் என்னும் போர்த்துக்கேய நிறுவனம், போர்த்துக்கேயர் கால்வைத்த நாடுகளின் இசையை இறுவட்டு வரிசையாக வெளியிட்டது. அவற்றுள் ஒன்று இலங்கையின் பைலாவுக்கும் கபிரிஞ்ஞாவுக்கும் உரியது. இவற்றிற்குப் புறம்பாக, ஆய்வாளரும் வானொலியாரும் பயணிகளும் காலந்தோறும் பதிந்தவையும் உள. ஒலிச் சான்று கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து அமைவதற்கு முன், அச்சான்றை எடைபோடும் முறை யாது என்ற வினா எழுகின்றது.

ஜாஸ் இசையும் புத்தளக் கரைக்கு முற்றிலும் அந்நியமன்று. அமெரிக்காவின் குரல் வானொலி 1955 முதல் உலகெங்கும் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சி, சிற்றலையில் ஏறியும் இறங்கியும், இரைச்சலோடு கலந்தும் கேட்போரை அடைந்தது. அதே வானொலி பிற்காலத்திலே சிலாபத்துக்குத் தெற்கே இரணவில கடற்கரையில் ஒலிபரப்பு நிலையமொன்றை அமைத்தது. 1990களில் அப்பகுதி மீனவர் அதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். 2016இல் அந்நிலையம் ஓய்ந்தது. கடல்கடந்த குரல்களை உலகுக்கு அஞ்சல் செய்த பெருங்கம்பங்கள் நின்ற அதே மாவட்டத்தில், சிரம்பியடியின் குரல் ஊர் எல்லைக்கு அப்பால் அரிதாகவே சென்றது. இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். ஜாஸும் மஞ்சாவும் அடிமைப்பட்ட ஆபிரிக்கர் வழிவந்தவை எனினும், அமெரிக்கா சென்றோர் பெரும்பாலும் மேற்கு, மத்திய ஆபிரிக்கர். இந்துசமுத்திரத்தைக் கடந்தோர் பெரும்பாலும் கிழக்காபிரிக்கர். ஆதலின் இரண்டையும் ஓருற்று நீராகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒப்புமை வரலாற்று நிலையிலும் பாதுகாக்கப்பட்ட முறையிலுமே நிற்கின்றது.

யப்பானியர் ஜாஸைக் கேட்கக் கற்றது தனித்ததொரு சூழலிலாகும். யோக்கோகாமாவில் 1933இல் தோன்றிய சிகுசா போன்ற ஜாஸ் கோப்பிக்கடைகளில், வாங்குதற்கரிய இறக்குமதி இசைத்தட்டுக்களைப் பலர் கூடியிருந்து பேச்சின்றிக் கேட்டனர். 1961இல் ஆர்ட் பிளேக்கி குழுவினரின் வருகை அவ்வார்வத்தைப் பெருக்கியது. 1970களில், அமெரிக்காவிலேயே தேடுவாரற்றுக் கிடந்த புளூ நோட் பதிவுகளை யப்பானின் கிங் நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. 1982 ஒக்டோபர் முதலாம் திகதி யப்பானில் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. அதன்பின் அட்டைக்கு மேல் கிமோனோ இடைக்கச்சை போலச் சுற்றிய 'ஓபி' என்னும் தாட்பட்டியுடன், ஒரே ஜாஸ் பதிவு பத்துத் தடவையும் அதற்கு மேலும் மீள்பதிப்புப் பெறலாயிற்று. உள்நாட்டு ஜாஸும் இவ்வாறே பேணப்பெற்றது. தோக்கியோவின் திறீ பிளைண்ட் மைஸ் நிறுவனம் 1974இல் வெளியிட்ட யமமோட்டோ சுயோஷி மூவர் குழுவின் 'மிட்நைட் சுகர்' இதற்கு நல்ல சான்று. நெடுநேர இசைத்தட்டாகப் பிறந்த அது, இறுவட்டாகவும் பின்னர் எக்ஸ்ஆர்சிடி முதலிய உயர்தரப் பதிப்புகளாகவும் மறுபிறவிகள் எடுத்தது.

இப்பதிப்புகளைத் திரட்டுவோரின் ஆர்வத்தில் மயக்கமும் உண்டு, உண்மையும் உண்டு. 2000களின் பிற்பகுதியில் எஸ்எச்எம், புளூஸ்பெக் என்னும் பெயர்களில், தட்டின் மூலப்பொருளையோ வார்ப்பு முறையையோ மாற்றிய இறுவட்டுக்கள் யப்பானில் வந்தன. ஆனால் இறுவட்டில் இருப்பவை எண்களே: ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிற்று. வாசிப்பில் நேரும் சிறு பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு அதனுள்ளேயே உண்டு. எண்கள் ஒன்றாயிருக்க, பிளாஸ்திக்கை மாற்றுவதால் இசை புதிதாகி விடுவதில்லை. இரு பதிப்புகள் வேறுபட்டு ஒலிப்பின், காரணத்தைப் பெரும்பாலும் வேறிடத்திலே தேடவேண்டும்: எந்த நாடாவிலிருந்து எடுத்தனர், அந்த நாடா மூலமா அல்லது படியின் படியா, எடுத்தவர் உயர்சுருதி ஒலிகளையும் உரப்பையும் எவ்வளவு கூட்டினர் என்பனவே அவை. நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடுகின்றது, நுண்ணொலி குறைகின்றது. உரப்புக் கூடியதே நன்றெனச் செவி ஏமாறும் இயல்புடையது. ஆதலின் தேர்ந்த ஒப்பீட்டாளர் இரு பதிப்புகளையும் ஒரே உரப்புக்குக் கொணர்ந்த பின்னரே தீர்ப்புக் கூறுவர்.

இம்முறையின் பயனுக்கு மைல்ஸ் டேவிசின் 'கைண்ட் ஒஃப் புளூ' தக்க எடுத்துக்காட்டாகும். 1959 மார்ச் 2ஆம் நாள் ஒலிப்பதிவின்போது முதன்மைப் பொறி சற்றுத் தாழ்ந்த வேகத்தில் ஓடியது. அந்நாடாவைச் சரியான வேகத்தில் மீட்டபோது இசை சிறிது விரைந்தும் சுருதி உயர்ந்தும் ஒலித்தது. முதற்பக்கத்து மூன்று உருப்படிகளும் முப்பதாண்டுக்கு மேலாக இவ்வாறே உலகெங்கும் கேட்கப்பெற்றன. மாணவர் அத்தவறான சுருதியோடு சேர்ந்து வாசித்துப் பழகினர். உடன் ஓடிய காப்பு நாடாவைக் கொண்டு 1992இலேதான் பிழை திருத்தப்பெற்றது. உலகப் புகழ்பெற்ற பதிவுக்கே இந்நிலையெனின், சிற்றூரொன்றில் ஒரே பொறியால் பதிந்த பாட்டின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

மஞ்சா விரைவுகொள்ளும் இசை என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். மின்கலம் தளர்ந்த நாடாப்பொறி மெதுவாக ஓடின், மீட்கும்போது பாட்டு உள்ளதைவிட விரைவாக ஒலிக்கும். அதனைக் கேட்கும் ஆய்வாளர் பொறியின் தளர்வைப் பாடுவோரின் வேகமாகக் கொள்வர். றபானுக்கு அருகில் ஒலிவாங்கியை வைத்தால் சிரட்டையும் போத்தலும் மறையும். பல தாளங்கள் ஒன்றோடொன்று பின்னி நிற்கும் அமைப்பே தெரியாது போகும். நிகழ்ச்சி நேரத்துக்கெனப் பாட்டைச் சில நிமிடங்களிற் குறுக்கினால் அது சூடேறும் முன்னரே முடிந்துவிடும். பொருள் மறந்த மொழியில் உயிரொலி ஒன்று மங்கினால், நாளை சொல்லை மீட்டறிய முயல்வோருக்குத் துணை வேறில்லை. ஆகவே ஒலித்தரம் என்பது செல்வர் தம் வரவேற்பறையிற் பேசும் பொழுதுபோக்கு மட்டும் அன்று. புத்தளக் கரையில் அது மொழியியற் சான்றாகவும் வரலாற்றுச் சான்றாகவும் ஆகின்றது.

யப்பானிய மீள்பதிப்பில் கற்கத்தக்க மற்றொன்று விவரக்குறிப்பு. நல்ல ஜாஸ் பதிப்பொன்றில் பதிந்த நாள், இடம், பொறியாளர், ஒவ்வொரு கலைஞரின் பெயர், அவர் இசைத்த கருவி, எத்தனையாவது முயற்சி என்பன குறிக்கப்பெற்றிருக்கும். பறைக்கருவி வாசித்தவரும் பெயரின்றிப் போகார். நாட்டார் பாடற் பதிவுகளிலோ 'கிராமத்தார் பாடியது' என்னும் ஒரு தொடரில் பாடகர் அனைவரும் அடங்கிவிடுதல் பெருவழக்கு. விலைக்கு வாங்கியபோதும் படையிற் சேர்த்தபோதும் தம் சொந்தப் பெயரை இழந்தோரின் வழித்தோன்றல்கள், ஒலிப்பதிவிலும் பெயரிழத்தல் முறையாகாது. தாம் பாடிய பதிவின் படியொன்று அவர்தம் ஊரிலேயே இருத்தலும் அவர்களுக்குரிய நியாயமாகும்.

எனினும் ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. ஜாஸ் பதிவொன்றுக்கு மூலம் நாடாவே; அதை இசைத்தோர் மறைந்துவிட்டனர். 2008இல் கலிபோர்ணியாவின் யூனிவர்சல் கலையகத் தீயில் மூலநாடாக்கள் பல அழிந்தபோது, அவற்றுக்கு ஈடாக மீண்டும் ஒருமுறை வாசித்துத் தர எவருமிலர். மஞ்சாவின் நிலை வேறு. அதன் மூலம் பெட்டகத்தில் இல்லை. சிரம்பியடியில் பாடும் முதியோரின் தொண்டையிலும் கையிலும் இருக்கின்றது. அதிலிருந்து நேரே படியெடுக்கும் வாய்ப்பு இன்னும் உண்டு. இளையோர் அருகிருந்து கற்பதே அவ்வகையில் முதற்படி. நல்ல ஒலிப்பதிவு அதற்குத் துணைப்படி. துணையை முதலாகக் கொள்ளுதலும், முதல் இருக்கின்றதென்று துணையைப் புறக்கணித்தலும் ஒருங்கே தவறாகும்.

பழைய தட்டு ஒன்றின் இரு பதிப்புகளுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கண்டறிய, யப்பானியச் சுவைஞர் விளக்கணைத்து அமைதியாக அமர்ந்து கேட்பதைச் சிலர் வீண்வேலை எனலாம். ஆனால் அவ்வாறு கேட்போர் இருந்தமையாலேயே மூலநாடாக்கள் தேடப்பெற்றன, பிழைகள் திருந்தின, மறக்கப்பட்ட கலைஞர் பெயர் பெற்றனர். புத்தளக் கரையின் பாட்டுக்கு அத்தகைய செவிகளே இன்று வேண்டப்படுகின்றன. நம் பல்கலைக்கழகங்களில் ஒலிப்பதிவுக் கருவியும் உண்டு. மொழியியலும் வரலாறும் இசையும் கற்போரும் உளர். மூலக்குரல் ஓயுமுன் அவர்கள் சிரம்பியடிக்கு ஒருமுறையேனும் சென்று அமர்ந்து கேட்பார்களாயின், நாளைய வரலாற்று மாணவருக்கு மங்கிய படியின் படியொன்றை வைத்துக்கொண்டு மூலம் யாதென ஊகிக்க வேண்டிய நிலை நேராது.