மாட்டுங்காவின் வாழையிலை: ஏ. ராம நாயக்கும் 'போர்டிங்' என்னும் நிறுவனமும்

சமூகத் தொண்டின் வரலாற்றை நன்கொடைப் பலகைகளிலும் அறக்கட்டளை ஆவணங்களிலும் தேடியே பழகிவிட்டோம். காசு வாங்கிக்கொண்டு சோறு போட்டவரை அவ்வரிசையில் வைக்க நமக்குத் தயக்கம். மாட்டுங்கா ஏ. ராம நாயக்கைப் பற்றி எழுதத் தொடங்கியபோது எனக்கும் அத்தயக்கம் இருந்தது.

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், நகர மேம்பாட்டு டிரஸ்ட் வகுத்த திட்டங்களால் உருப்பெற்ற குடியிருப்புப் பகுதி மாட்டுங்கா. அங்கே தென்னிந்தியக் குமாஸ்தாக்களும் தட்டச்சர்களும் பெருமளவில் குடியேறினர். பலர் மணமாகாத இளைஞர்கள். சுருக்கெழுத்து கைவந்தவர்கள், உலை வைக்கத் தெரியாதவர்கள். இத்தகையோரை நம்பித்தான், கன்னடக் கடற்கரையிலிருந்து வந்து சமையற்கட்டு வேலையில் தேர்ந்த ராம நாயக், 1942இல் மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே 'உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்'கைத் தொடங்கினார். வாழையிலையில் சோறு, சாம்பார், ரசம், மோர்.

தொடங்கிய ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் அந்நாட்டு அரிசி வரத்து அவ்வாண்டே நின்றுபோயிற்று. 1943 மே மாதம் பம்பாயில் ரேஷன் முறை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு வங்கத்தில் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. அரிசி அளந்து கொடுக்கப்பட்ட அந்நாட்களில், சம்பளக்காரனுக்குக் கட்டுப்படியாகும் விலையில் அரிசிச் சோறு கிடைக்கச் செய்ததை வெறும் வாணிபம் என்று என்னால் ஒதுக்க இயலவில்லை.

'போர்டிங்' என்ற சொல்லும் இங்கே பொருள் மாறியது. தங்கும் இடம் என்னும் பொருள் உதிர்ந்து, சாப்பாடு மட்டும் நின்றது. மராத்தியில் இதற்கு இணையான சொல் 'கானாவள்'. ஆலைத்தொழிலாளர் பகுதியான கிர்ண்காவில் ஏழைப் பெண்கள் தம் வீட்டு அடுப்பிலேயே சமைத்து, மாதக் கணக்கில் தொழிலாளர்களுக்கு உணவளித்தனர். அவர்களைப் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டலாக ஒன்று திரட்டியது 1975இல்தான். அதுவரை அவ்வடுப்புகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை. நாயக்கை மட்டும் போற்றி நிறுத்திக்கொண்டால் நம் வரலாறும் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதப்பட்டதாகிவிடும்.

வேறொரு சிக்கலும் உண்டு. இதை ஒரு தனிமனிதர் மீதான குற்றச்சாட்டாக அன்றி, நிறுவனத்தின் இயல்பாகவே பார்க்கிறேன். அக்காலத் தென்னிந்தியப் போர்டிங்குகள் மீதான நம்பிக்கை பெரிதும் சமையற்காரரின் சாதியைச் சார்ந்திருந்தது. பம்பாய் மாகாணத்தில் பொது இடங்களில் தீண்டாமைத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது 1946இல். மாட்டுங்காவை ஒட்டிய தாதர் இந்துக் காலனியில்தான் அம்பேத்கரின் 'ராஜகிருஹம்' இருக்கிறது. ரயில் பாதையைக் கடந்து மேற்கே நடந்தால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் வாழ்ந்த இடம் அது. மாட்டுங்காக் குமாஸ்தாவின் தாய்மொழியும் தமிழ், இவர்களுடையதும் தமிழ்.

ஆகவே களப்பணிக்காகத் தாராவிப் பெரியவர்களிடம் போகும்போது நான் கேட்கவிருக்கும் முதல் கேள்வி: சம்பள நாளில் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள், ஐயா?