முடியிழத்தலும் முடியளித்தலும்

தமிழில் முடி என்னுஞ் சொல் தலைமயிரையுங் குறிக்கும். மன்னர் சூடும் மகுடத்தையுங் குறிக்கும். கட்டுதற் பொருளுடைய முடித்தல் என்னும் வினையோடு இரண்டையுந் தொடர்புபடுத்துதல் பொருந்தும். வாரி முடிக்கப்பெற்ற கூந்தல் ஒருத்தியின் நிறைவுக்கும், மகுடம் அரசனின் நிறைவுக்கும் அடையாளமாகக் கொள்ளப்பட்டமையின், அவற்றை இழத்தலும் ஒரு தன்மைத்தான இழிவாகவே கருதப்பட்டது. இக்கருத்தின் பழைமையைத் திருக்குறள் காட்டும். மானம் என்னும் அதிகாரத்திலே, தம் நிலையினின்று தாழ்ந்த மாந்தருக்குத் தலையினின்று வீழ்ந்த மயிர் உவமையாகின்றது (964). அதே அதிகாரத்தில், மயிரிழந்தால் உயிர்வாழாத கவரிமா மானமுடையார்க்கு உவமையாகின்றது (969). ஆயின் அவ்வாசிரியரே கூடாவொழுக்கத்தை முடிக்குமிடத்து, உலகம் பழிப்பதை ஒழித்தவர்க்குத் தலையை மழித்தலாலும் சடையை வளர்த்தலாலும் ஆவதொன்றில்லை என்கின்றார் (280). முன்னைய இரண்டிலும் மயிர் மானமாகின்றது. பின்னையதில் அஃது ஒரு பொருட்டாகாது போகின்றது. நோயினால் முடியிழந்தாரைச் சமுதாயம் எவ்வாறு நோக்குகின்றது என்னும் வினாவுக்கு விடை இவ்விரு நிலைகளுக்கும் இடையிலேயே தேடற்பாலது.

பண்டைத் தமிழ் மகளிர் கூந்தலைப் பேணிய முறைக்குச் சான்றுகள் பல. கூந்தலுக்கு ஐம்பால் என்பது ஒரு பெயர். ஐந்து வகையாக முடிக்கப்படுதலின் அப்பெயர் பெற்றதென்பர். அவ்வைந்தும் எவை என்பதில் நிகண்டு நூலாரும் உரைகாரரும் ஒத்த கருத்தினரல்லர். குழல், கொண்டை, பனிச்சை, முடி, சுருள் என எண்ணுவது ஒரு மரபு. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி 10 வகைத் துவரும், 5 வகை விரையும், 32 வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் ஆடி, நறும்புகையாற் கூந்தலை உலர்த்தி, வகுத்த பகுதிதோறுங் கத்தூரிக் குழம்பு ஊட்டினாள் என இளங்கோவடிகள் கூறுவர். ஈண்டு அழகு மாத்திரமன்றிக் காப்பும் உண்டு. துவர் அழுக்கை அகற்றும். இளஞ்சூட்டுப் புகை ஈரத்தைப் போக்கும். ஈரக் கூந்தல் இழுபட்டால் எளிதில் அறும் என்பதை இன்றைய அறிவியலும் உடன்படுகின்றது. நெய் பூசி வாரிப் பின்னிய கூந்தல் காற்றிலும் வெயிலிலும் சிக்குண்ணாது. ஆபிரிக்க மக்கள் தம் சுருண்ட மயிரைச் சிறுசிறு பின்னல்களாக்கித் தலையோடு படியவைப்பதும் இந்நோக்கம் பற்றியதே. அத்தகைய மயிர் வளைவுதோறும் முறியும் இயல்பினது. பின்னப்பட்டால் நாடோறுஞ் சீப்புப் படாது தப்பும்.

ஆயினும் காப்பே கேடாதலும் உண்டு. கிரீன்லாந்துப் பெண்கள் கூந்தலை இறுக்கிக் கட்டி வந்தமையால் அவர்தம் நெற்றியோரம் வழுக்கையானது 1907 ஆம் ஆண்டிலே முதன்முதல் மருத்துவ உலகுக்கு எடுத்துரைக்கப்பட்டது. இழுவையால் உண்டாகும் இவ்வழுக்கை, தொடக்கத்திலேயே கட்டைத் தளர்த்தினால் மீளும். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வேர் வடுவாகி மீளாது. நாட்டியம் பயிலுஞ் சிறுமியரின் தலையிற் கனத்த சவரியையும் அணிகளையும் ஏற்றிப் பல மணி நேரம் இறுக்கி வைப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

கூந்தலை முடித்தல் மங்கலமாகவே, அவிழ்த்தல் அவலமாயிற்று. பாண்டியன் அவைக்களத்திற் கண்ணகி விரிந்த கூந்தலோடு நின்றாள். பாஞ்சாலி தன் சபதம் நிறைவேறுமளவும் கூந்தல் முடியாதிருந்தாள் என்பது தமிழ் மக்களிடை வழங்குங் கதை. களைதல் அதனினும் கொடிது. பகைவருடைய மகளிரின் கூந்தலைக் கொய்து கயிறாகத் திரித்த நன்னனது செயலை நற்றிணையிற் பரணர் குறிப்பிடுகின்றார். பழையனை வென்ற செங்குட்டுவனும் அவ்வாறு திரித்த கயிற்றால் யானைகளைப் பூட்டினான் எனப் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகங் கூறும். அது வெற்றிச் சிறப்பாகப் பாடப்பட்டதேனும், அதனைச் சிறப்பென்று கொள்ளுதல் இன்று இயலாது. கணவனை இழந்தாளின் கூந்தல் கொய்யப்பட்டதைப் புறநானூற்றுப் பாடல்கள் காட்டுகின்றன. ஆகவே பெண்ணின் வெறுந்தலை தோல்வியையோ கைம்மையையோ உணர்த்துவதாயிற்று. நோயால் முடியிழந்த பெண் தெருவிற் செல்ல நாணுதற்குக் காரணம் அழகு குறைந்தமை மாத்திரமன்று. அவ்வெறுமையின்மேல் நெடுங்காலமாக ஏற்றப்பட்ட பொருளுமாகும்.

இவற்றினின்றும் முற்றும் வேறானது விரும்பி முடியளித்தல். சைவ உலகுக்கு இதன் தலையாய எடுத்துக்காட்டு, 12 ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்திலுள்ள மானக்கஞ்சாற நாயனார் வரலாறு. நாயனாருடைய மகளுக்கும் ஏயர்கோன் கலிக்காமருக்கும் மணம் உறுதியாகி, மணமகன் வந்து சேர்தற்கு முன்னர், மாவிரத முனிவர் கோலத்தில் இறைவன் அம்மனைக்கு எழுந்தருளினான். அடிவணங்கிய மணமகளின் நீண்ட கூந்தலை நோக்கி, அது தனது பஞ்சவடிக்கு உதவும் என்றான். பஞ்சவடி என்பது மாவிரதியர் மயிராற் செய்து மார்பில் அணியும் பூணூல். நாயனார் மறுசொல் இன்றி மகளின் கூந்தலை அடியோடு அரிந்து நீட்டினார். முனிவர் மறைந்தார், விடைமேல் இறைவன் தோன்றினான். பின்னர் வந்த கலிக்காமர், திருவருளாற் கூந்தல் மீளப்பெற்ற அம்மங்கையை மணம் புரிந்தார். மணநாளிற் கூந்தலிழத்தல் அக்காலத்துப் பெண்ணுக்கு நேரக்கூடிய பெரும் அமங்கலம். அதனையே தொண்டின் உச்சமாகச் சேக்கிழார் மாற்றிவிடுகின்றார். மகளின் உள்ளம் அந்நேரத்தில் யாதாயிற்று என்பதை அவர் விரித்தாரல்லர். ஆனாற் கூந்தலை மீட்டளித்த பின்னரே மணத்தை நிகழ்விக்கின்றார் என்பது நோக்கத்தக்கது.

திருமலையில் வழங்குங் கதையொன்று இப்பொருளுக்கு இன்னும் அணித்தாயது. ஆயன் ஒருவனது அடி பட்டு வேங்கடவன் தலையில் ஒரு சிறுபகுதி முடியின்றிப் போயிற்றாம். கந்தருவ இளவரசியான நீலாதேவி அதனைக் கண்டு, தன் கூந்தலிற் சிறிது அரிந்து அவ்விடத்திற் பொருத்தினாள். உவந்த இறைவன், அடியார் தனக்களிக்கும் முடி அவளுக்கே உரியதாகுக என அருளினான். ஏழுமலைகளுள் ஒன்றாகிய நீலாத்திரி அவள் பெயரால் வழங்குவது. முடிக்காணிக்கைக்கு மக்கள் கற்பித்த காரணம், ஒருவர் தலையின் வெறுமையை மற்றொருவர் கூந்தலால் நிரப்புதல் என்பதே இக்கதையின் சிறப்பு. கல்யாணகட்டா எனப்படும் மண்டபத்தில் ஆணும் பெண்ணுமாக ஆயிரக்கணக்கானோர் நாடோறும் முடி இறக்குகின்றனர். அங்கே வெறுந்தலை வெட்கத்துக்குரியதன்று. சந்தனம் பூசிய தலையோடு பெண்கள் நிமிர்ந்து நடப்பர்.

முடியுடைய தலையும் முடிகளைந்த தலையும் ஒருங்கே மதிப்புப் பெற்றமைக்குக் கொழும்பை அடுத்த களனியாற்றுப் பகுதியும் சான்றாகும். 19 ஆம் நூற்றாண்டிற் கரையோரச் சிங்கள ஆடவர் பலர் நீண்ட மயிரைப் பின்னே கொண்டையாக முடித்து, உச்சியில் ஆமையோட்டாலான வளைந்த சீப்பை அணிந்தனர். அக்காலத்துப் புகைப்படங்களில் அதனைக் காணலாம். சீப்புக் குடிமதிப்பின் அடையாளம். தமிழ் ஆடவர் குடுமி வைத்தனர். அக்காலத்திலேயே, 1875 ஆம் ஆண்டில், ஆற்றுக்கு அப்பால் பேலியகொடையில் வித்தியாலங்காரப் பிரிவேனா நிறுவப்பெற்றது. அங்குக் கற்ற பிக்குமார் தலை மழித்தவர். பௌத்த துறவு பூணுவோனுக்கு முடி களையும் வேளையில் தியானத்துக்குக் கொடுக்கப்படும் ஐந்து பொருள்களுள் முதலாவது கேசம், அஃதாவது தலைமயிர். அதன் நிலையாமையை எண்ணிப் பார்த்தல் துறவின் முதற்பாடங்களுள் ஒன்று. சீப்பணிந்த தலையும் மழித்த தலையும் இரண்டும் உரியவரால் தேர்ந்துகொள்ளப்பட்டவை. 20 ஆம் நூற்றாண்டிற் கத்தரித்த தலை உத்தியோகத்தோடு வந்து, சீப்பையும் பெரும்பாலும் குடுமியையும் அகற்றிற்று. அம்மாற்றமும் மனிதர் விரும்பி ஏற்றதே. நோயோ எவரையுங் கேட்டு முடியைக் கொள்வதில்லை.

இனி, இல்லாத முடியை இட்டுக்கொள்ளும் வழக்கம். சவரி என்பது கவரி என்பதன் திரிபு. கவரிமாவின் வால்மயிர் சாமரத்துக்கும், மகளிர் கூந்தலோடு சேர்த்துப் பின்னுதற்கும் பயன்பட்டது. பின்னர் மனித மயிராற் செய்ததற்கும் அப்பெயரே நிலைத்தது. மயிரிழந்தால் உயிர்விடும் எனப்பட்ட விலங்கின் மயிரே பிறர் தலைக்கு நிறைவளிக்க வந்தமை வியப்பிற்குரியது. மணமகளின் சடையிற் சவரி வைத்துக் குஞ்சமும் சடைநாகமும் சூட்டுவதை எவரும் மறைப்பதில்லை. காண்பாரும் குறை கூறுவதில்லை. நாடக மேடையில் முழுத் தலைக்கும் அணிவது டோப்பா எனப்பட்டது. 1891 இற் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் காலத்தில் ஆடவரே பெண் வேடம் பூண்டனர். அச்சபை கொழும்பிலும் வந்து நடித்தது. ஜிந்துப்பிட்டிக் கொட்டகைகளில் நாடகம் பார்த்தோரும் டோப்பாவை ஏய்ப்பென்று கருதவில்லை. இதற்குப் பொய்ம்முடி என்று பெயரிடுவோர் உளர். பொய் என்னும் அடை ஈண்டு வேண்டாதது. இடுமுடி என்பதே நேரிது. வள்ளுவர் கடிந்தது துறவுள்ளம் இல்லாதான் சடையும் மொட்டையுங் காட்டி உலகை ஏய்ப்பதை. இழந்ததை இட்டு நிரப்புவதையன்று.

மேனாட்டில் இடுமுடி அரசவை வழியே பரவிற்று. 17 ஆம் நூற்றாண்டிற் பிரான்சு மன்னன் 13 ஆம் லூயி தன் வழுக்கையை மறைக்க அணிந்தது அவையோர் அனைவருக்கும் நாகரிகமாயிற்று. 1795 இல் இங்கிலாந்து அதன்மேல் தூவும் மாவுக்கு வரி விதித்தபின் அது குன்றிற்று. நீதிமன்றத்தில் மட்டும் நிலைத்தது.

மீண்டும் பெருவழக்கானது 1960 களிலே. 1965 இல் அமெரிக்கா சீன மயிராலான இடுமுடிகளுக்குத் தடை விதிக்கவே, தென்கொரியா அவ்வாணிகத்திற் கால்கொண்டது. அத்தசாப்தத்தின் இறுதியில் இடுமுடி அந்நாட்டின் முதன்மையான ஏற்றுமதிகளுள் ஒன்றாயிற்று. இந்திய மயிருக்கும் தேவை பெருகிற்று. வீடுகளிற் சீப்பில் உதிர்ந்த மயிரை விலைக்கோ பண்டமாற்றுக்கோ வாங்கிச் செல்வோர் திரட்டுவது ஒருவகை; அதில் நுனியும் அடியும் கலந்து கிடத்தலின் எளிதிற் சிக்கும். கோயிலில் ஒருங்கே களையப்படும் நீண்ட கூந்தல் ஒரே திசையில் அடுக்கப்படுதலின் விலை மிக்கது. திருமலைத் தேவஸ்தானம் 2011 முதல் அதனை இணையவழி ஏலத்தில் விற்றுவருகின்றது. கொடுத்தவர்க்கு அதிற் காசில்லை. அவர் அதனை வேண்டியதுமில்லை.

இக்காணிக்கை எதிர்பாராத ஓரிடத்தில் வழக்காயிற்று. வைதிக யூத நெறியில் மணமான பெண்கள் தம் கூந்தலைப் பிறர் காணவிடார். பலர் இடுமுடியால் மறைப்பர். 2004 மே மாதத்தில், எருசலேமின் ரப்பி யோசேப் சாலோம் எலியாசிவ், இந்தியக் கோயில்களிற் களையப்பட்ட மயிர் பிற தெய்வ வழிபாட்டிற் படைக்கப்பட்டதாதலின், அதனாலான இடுமுடியை அணிதல் ஆகாது எனத் தீர்ப்பளித்தார். நேரிற் கண்டறிதற்கென இலண்டனிலிருந்து ஒரு ரப்பி திருப்பதிக்கு அனுப்பப்பட்டிருந்தார். தீர்ப்பைக் கேட்டு நியூயோர்க்கின் புரூக்ளினில் விலையுயர்ந்த இடுமுடிகளைத் தெருவில் எரித்தனர். அவர்கள் எழுப்பிய வினா எளிதன்று. களையப்பட்ட மயிர் மூலமூர்த்தியின் திருமுன் படைக்கப்படுவதில்லை, மண்டபத்திலேயே விடப்படுகின்றது. அங்ஙனமாயிற் களைதல்தானே வழிபாடா, தரிசனத்துக்கு முன்னான அகந்தை நீக்கமா? அடியாருட் பலர் இரண்டும் ஒன்றே என்பர். களைந்த மயிர் எங்குச் செல்கின்றது என்று அவர் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நீலாதேவியின் கதையையே விடையாகக் கூறியிருப்பர் போலும்.

அங்ஙனம் செல்லுமிடங்களுட் பெரும்பாலன ஒப்பனை நிலையங்கள். சில நோயாளர் வீடுகள். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளுட் பல, விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவன. மயிர்வேரணுக்களும் அத்தகையனவாதலின், சிகிச்சை தொடங்கிச் சில கிழமைகளில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். ஆகவே இடுமுடியை முடி உதிருமுன்னரே தேர்தல் வேண்டும். தன் கூந்தலின் நிறமும் வகிடும் அப்போதுதான் ஒப்புநோக்கக் கிடைக்கும். தலையளவு பின்னர்ச் சிறிது குறையுமாதலின் தளர்த்தவும் இறுக்கவும் ஏற்ற பட்டி இருத்தல் நன்று. செயற்கை இழையாலானது விலை குறைந்தது, இலேசானது, கழுவியபின்னும் வடிவு குலையாதது. ஆனால் அடுப்பின் அனலே அதனைச் சுருக்கிவிடும் என்பதைச் சமைக்கும் பெண்கள் அறிதல் வேண்டும். மனித மயிராலானது இயல்பாகத் தோன்றும், நீண்டநாள் உழைக்கும். விலையும் பேணும் உழைப்பும் மிகுதி. கொழும்பின் புழுக்கத்தில் எதுவாயினும் உள்ளே மெல்லிய பருத்திக் குல்லா இன்றி அணிதல் அரிது. சிலர் அதனைக் களைந்து வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பாற் போர்த்திக்கொள்வர். அதுவும் தக்கதே.

மகரகமவிலுள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்கு நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் இடுமுடியை விலைக்கு வாங்கும் ஆற்றலற்றவர். ஆகவே அண்மைக் காலத்தில் இலங்கையிற் பெண்கள் பலர், பாடசாலை மாணவியர் உட்பட, தம் கூந்தலை அரிந்து இடுமுடி செய்தற்கு இலவசமாக அளித்து வருகின்றனர். ஈரமின்றி உலர்ந்த கூந்தலைப் பின்னி, இரு நுனியிலும் கட்டி, மேற்கட்டுக்குச் சற்று மேலே வெட்டுதல் முறை. அவிழ்ந்து கலைந்தது பயன்படாது. ஒரு தலைக்கு ஒருத்தியின் பின்னல் போதாது. பலருடைய பின்னல்கள் ஒன்றுசேர்தல் வேண்டும். சிகிச்சை முடிந்து மூன்று முதல் ஆறு திங்களுக்குள் நோயாளருட் பெரும்பாலோர்க்கு முடி மீள முளைக்கின்றது. முதலில் வருவது சுருண்டோ நிறம் வேறுபட்டோ இருத்தலும் உண்டு. அதன்பின் அவர்கள் களையும் இடுமுடி, கழுவி நிழலில் உலர்த்திச் சிக்கெடுத்தால், மற்றொருத்திக்குப் பயன்படும்.