மாரத்தான் அணித் தேர்வு, இந்தியாவில்

ஒலிம்பிக்கில் 42.195 கி.மீ. ஓட ஒரு நாட்டுக்கு ஆண்களில் மூவர், பெண்களில் மூவர் என்பதே உச்சவரம்பு. தகுதி நேரத்தை உலகத் தடகள அமைப்பு விதிக்கிறது. பெயர்களை இந்தியத் தடகளச் சம்மேளனம் முடிவு செய்கிறது. அளந்து சான்றளிக்கப்பட்ட பாதையில், குறித்த காலத்துக்குள் ஓடிய நேரமே கணக்கில் வரும்.

ரியோ 2016-க்கு ஆண்களின் தகுதி நேரம் 2 மணி 19 நிமிடம். அவ்வாண்டு ஜனவரியில் மும்பை மாரத்தானில் நிதேந்திர சிங் ராவத்துக்கு வேகம் பிடித்துக் கொடுக்க இறங்கியவர் வயநாட்டுக்காரரான கோபி. வேக ஓட்டக்காரர்கள் வழக்கமாகப் பாதியில் விலகுவதுபோல் ஒதுங்காமல் கடைசிவரை ஓடி, 2:16:15-இல் இந்தியரில் இரண்டாவதாக வந்தார்; ரியோ இடம் கிடைத்தது. மூன்றாவது கேதா ராம். மூவரும் ராணுவத்தினர். ரியோவில் கோபி 2:15:25-இல் 25-ஆம் இடம். கேதா ராம் ஒரே நொடி பின்தங்கி 26-ஆம் இடம். அந்த ஒரு மும்பைப் போட்டி இல்லையென்றால் கோபியைத் தேர்வாளர்கள் கவனித்திருப்பார்களா என்பது சந்தேகமே. பாதி வழியில் விலகும் வேக ஓட்டக்காரர்களையும் சம்மேளனம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

பிறகு தகுதி நேரம் கடுமையானது: டோக்கியோவுக்கு 2:11:30, பாரிஸுக்கு 2:08:10. 1978-இல் ஜலந்தரில் சிவ்நாத் சிங் ஓடிய 2:12:00, பல பத்தாண்டுகள் தேசிய சாதனையாக நின்ற நேரம், இவை இரண்டையும் எட்டாது. உலகத் தரவரிசை வழியும் உண்டு. ஆயினும் இவ்விரு ஒலிம்பிக்கிலும் இந்திய மாரத்தான் வீரர் எவரும் ஓடவில்லை.