ரைபோசோமை நகர்த்தும் பாக்டீரியப் புரதங்கள்

நம் உடலிலும் சரி, பாக்டீரியாவிலும் சரி, புரதங்களைத் தயாரிப்பது ரைபோசோம்தான். தூது ஆர்.என்.ஏ. இழையை மும்மூன்று எழுத்துகளாகப் படித்து, அவற்றுக்குரிய அமினோ அமிலங்களை அது வரிசையாகக் கோக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் நொடிக்குச் சுமார் 15 முதல் 20 அமினோ அமிலங்கள் இப்படிச் சேர்கின்றன.

கோத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையும் சரியாக மூன்று எழுத்து நகரவும் வேண்டும். தையல் மிஷினில் ஊசி குத்தி எழுந்ததும் அடியிலுள்ள பற்கள் துணியை முன்னே தள்ளுகின்றன அல்லவா? ரைபோசோமில் அந்த வேலையைச் செய்வது இஎஃப்-ஜி என்ற புரதம். ஜி.டி.பி. மூலக்கூறை உடைத்து அதற்கான ஆற்றலைப் பெறுகிறது. ஓர் எழுத்து பிசகினாலும் அதன்பின் வரும் வாசகம் முழுவதும் பிழையாகிவிடும்.

நகர்த்தி முடித்ததும் இஎஃப்-ஜி வெளியேற வேண்டும். தோல் புண்களுக்கான களிம்புகளில் உள்ள பியூசிடிக் அமிலம் அதை வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது, ரைபோசோம் நின்றுபோகிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு, இதே மருந்தால் இஎஃப்-ஜியைச் சிக்க வைத்து, அது ரைபோசோமில் அமர்ந்திருக்கும் அமைப்பை 2009-இல் வெளியிட்டது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. இஎஃப்-ஜிக்கான மரபணுவில் சிறு மாற்றம் ஏற்பட்டாலே மருந்து பிடிப்பை இழக்கலாம். சில ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகளிடம், சிக்கிய இஎஃப்-ஜியை விடுவிக்கவென்றே தனிப் புரதம் இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் இந்தக் களிம்பை வாரக்கணக்கில் பூசிக்கொள்வது, இத்தகைய கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருக நாமே வழிவிடுவதாகும்.

ரைபோசோம் தானாகவே திணறும் இடமும் உண்டு. புரோலின் என்ற அமினோ அமிலம் வளைய வடிவம் கொண்டது. பிணைப்பு உண்டாவதில் மந்தமானது. மூன்று புரோலின் அடுத்தடுத்து வந்தால் ரைபோசோம் நின்றுவிடும். அப்போது இஎஃப்-பி என்ற புரதம் பக்கத்தில் வந்து அமர்ந்து, பிணைப்பு உண்டாக உதவுகிறது. 1975-லேயே அறியப்பட்ட புரதம் இது. ஆனால் இந்த வேலை 2013-இல்தான் தெளிவானது.

நம் செல்களிலும் இதற்கு இணையான புரதம் உண்டு, பெயர் இஐஎஃப்-5ஏ. ஆனால் இரண்டின் நுனியிலும் ஒட்டவைக்கப்படும் வேதிக்குழுக்கள் வேறு, ஒட்டவைக்கும் நொதிகளும் வேறு. அந்த நொதி பழுதான சால்மோனெல்லா, எலிகளில் நோய் உண்டாக்கும் திறன் குன்றிப்போகிறது. புதிய மருந்து தேடுவோர் அந்த நொதியைக் கவனிப்பது இதனால்தான்.